க்யூ யாரிடம்?

என் சகலை சிஜுவாதேயோடு காரில் போவது பெரிய தண்டனை. முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டால் போதும், அந்த மூன்றும் அடங்கிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். மோகோலா மேம்பாலத்தடியில் வண்டிகள் அசையாமல் நிற்கும்போது மற்ற மனிதர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இவர் பக்கத்துப் பேருந்தில் எழுதியிருக்கும் தேவாலயப் பெயரைக் கலைத்துப்போட்டு ஏழெழுத்துச் சொல் தேடுவார். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "அதுக்கெல்லாம் அர்த்தமாவது தெரியுமா சகலை?" என்று கேட்டுவிட்டேன்.

"அர்த்தத்துக்கு எத்தனை பாயிண்ட் தருவாங்க?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இபாதானில், எழுத்துக் காய்களால் சொல் கட்டி ஆடும் எங்கள் ஸ்க்ராபிள் கிளப்பே அப்படித்தான். சனிக்கிழமை காலை அந்த ஓட்டல் மாடி ஹாலுக்குள் நுழைந்தால், யாராவது ஒருவன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிக் கத்துவான். அந்த எழுத்துகள் எல்லாம் வருகிற சொல்லை இன்னொருவன் பதிலுக்குக் கத்துவான். தெரியாதவன் தலையில் எல்லோரும் கையில் கிடைத்ததைப் போடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். உள்ளே உட்கார்ந்து பழகியவர்களுக்கு உலகத்தில் வேறு நல்ல இடமே இல்லை.

அந்த இடத்துக்கு அவர்தான் பெரிய மனிதர். போதிஜாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வயதிலும் மூத்தவர், ஆட்டத்திலும் மூத்தவர். கிளப் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் விதிமுறைகள் அவர் எழுதியவை. ஆட்டத்துக்கு முன்னால் எழுத்துக் காய்கள் எல்லாவற்றையும் பலகைமேல் சதுரமாகப் பரப்பி, ஒன்றுகூடக் குறையவில்லை என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். காய் எடுக்கும்போது பையைக் கண்ணுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விரலால் தடவி எழுத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது பையை மார்புக்கு நேரே பிடித்தால் போதும், மூன்று மேசைக்கு அப்பாலிருந்து, "ஏய், பை மேல!" என்று இவர் குரல் வரும். எனக்கே எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

இபிசோவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவள் பை எப்போதும் தலைக்கு மேலேதான் இருக்கும்.

இபிசோ போர்ட் ஹார்கோர்ட் பக்கத்துக்காரி. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு மாற்றலாகி வந்தவள். எங்கள் யொருபா மொழி அவளுக்கு வராது, அவள் கலபாரி மொழி எங்களுக்கு வராது. இங்கிலீஷில்தான் பேச்சு. அதுவும் அதிகம் பேச மாட்டாள். வந்து உட்கார்ந்தாள், எங்களில் பாதிப் பேரைத் தோற்கடித்தாள், மீதிப் பாதியையும் தோற்கடித்தாள். தன் டிபன் டப்பாவில் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டுப் போனாள். "இவ்வளவு திமிர் ஆகாது" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். என்ன திமிர் என்று யாராவது கேட்டிருந்தால் ஒருவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

தேசிய விளையாட்டு விழாவுக்கு எங்கள் மாநில ஸ்க்ராபிள் அணி போகிறது. அதில் கடைசியாக ஒரே ஒரு இடம் மீதியிருந்தது. அந்த இடத்துக்குத் தேர்வு ஆட்டம் நடந்த சனிக்கிழமை, எல்லோரையும் ஜெயித்துவிட்டுக் கடைசி மேசையில் எதிரெதிராக வந்து உட்கார்ந்தவர்கள் சகலையும் இபிசோவும்தான். ஜெயிப்பவர் விழாவுக்குப் போவார், தோற்பவர் வீட்டுக்குப் போவார்.

அதே நாளில் எங்கள் மாமனார் வீட்டில் ஒரு கல்யாணம். மாமனாரின் அண்ணன் மகளுக்கு. குடும்பம் முழுக்க ஒரே துணியில் தைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இந்தத் தடவை ஆரஞ்சு நிறம், மொடமொடவென்று கஞ்சி போட்ட துணி. நான் என்னுடையதைக் காரில் தொங்கவிட்டு வந்தேன். சகலை அதை உடுத்திக்கொண்டே வந்துவிட்டார். முழு அக்பாடா. உள்ளே ஒரு சட்டை, மேலே மூன்று பேர் புகுந்துகொள்ளலாம் போன்ற அங்கி. அதன் கைகள் முழங்காலுக்குத் தொங்கும். அவற்றை மடித்து மடித்துத் தோளில் ஏற்றிப்போட்டுக்கொள்ள வேண்டும்.

"மாத்து சட்டை போட்டுக்கிட்டு ஆடலாமே சகலை?" என்றேன்.

"ஜெயிச்ச கையோட நேரா கல்யாணத்துக்குப் போய் டான்ஸ் ஆடணும்டா. மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் பாக்கணும்."

ஆட்டம் ஆரம்பித்தது. காய்களைப் பரப்பினார்கள், இருவரும் பார்த்தார்கள், பைக்குள் போட்டார்கள். ஹாலில் இருந்த எல்லோரும் சுற்றி நின்றோம். சகலை விதிப்படியே பையை உயரத் தூக்கினார், முகத்தைத் திருப்பினார், கையை விட்டு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தோளிலிருந்து அங்கி சரியும், இடது கையால் இழுத்து ஏற்றிக்கொள்வார். ஒருமுறை நான்கு காய் எடுத்தவர் கையைத் திறந்தபோது மூன்றுதான் இருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மறுபடி பையை உயர்த்தி இன்னொன்று எடுத்தார். இதெல்லாம் சாதாரணமாக நடப்பது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பை காலியானபோது ஆட்டம் நூலிழையில் நின்றது. அப்போதுதான் க்யூ எழுத்தின் பேச்சு வருகிறது. பலகையில் விழுந்த எழுத்துகளை ஒரு தாளில் அடித்துக்கொண்டே வருவது எங்கள் பழக்கம். அடிபடாமல் மீதியிருப்பவை எதிராளியிடம் இருக்க வேண்டும். சகலை கணக்கில் க்யூ இன்னும் விழவில்லை, அவர் கையிலும் இல்லை. அப்படியானால் அவளிடம் இருக்கிறது. கடைசியில் க்யூவோடு மாட்டிக்கொள்வது போன்ற சாபம் எங்கள் ஆட்டத்தில் வேறில்லை. வைக்க இடம் கிடைக்காது, ஆட்டம் முடியும்போது அதன் மதிப்பு இரண்டு மடங்காக எதிராளிக்குப் போய்விடும். சகலைக்கு முகமெல்லாம் பிரகாசம். க்யூ அடங்கிய சொற்கள் எத்தனை உண்டோ அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று உட்காரக்கூடிய இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனார். அடைப்பதற்காக நல்ல நல்ல புள்ளிகளைக்கூட விட்டுக்கொடுத்தார். கடிகாரத்தில் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. எதிரில் எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இபிசோ தன் காய்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லாக வைத்தாள். கடிகாரத்தைத் தட்டினாள். வெறும் கையை விரித்துக் காட்டினாள். ஆட்டம் அவளுடையது.

சகலை தன் கையில் மீந்ததைப் பலகைமேல் வைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"க்யூ எங்கே?"

சத்தியமாக இருவரும்தான் கேட்டார்கள். ஆனால் எங்கள் காதில் விழுந்தது அவர் குரல் மட்டும்தான்.

"க்யூ எங்கம்மா? உங்கிட்டதானே இருந்துச்சு?"

"எங்கிட்ட இல்லை சார். உங்ககிட்ட மாட்டிக்கிச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"எங்கிட்ட எப்படி இருக்கும்? நான் வச்சதைப் பாத்தே இல்ல? பை காலி. என் கை காலி. அப்ப அது எங்க போச்சு?"

பையை உள்வெளியாகத் திருப்பினார்கள். மேசைக்கு அடியில் தேடினார்கள். நாற்காலிகளை நகர்த்தினார்கள். நடுவர் ஃபோலாரின் டார்ச் அடித்துக்கொண்டு தவழ்ந்தே போனார். இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் எங்கள் மொழிக்கு மாறினோம். அவள் எங்கள் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரிந்திருக்கும்.

"க்யூவை வச்சுக்கிட்டு எவன் முடிப்பான்? ஒளிச்சிட்டா."

"மொதல்லேர்ந்தே எனக்கு ஒரு சந்தேகம்தான்."

ஃபோலாரின் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷுக்கு வந்தார். நல்ல மனிதர், ஒரு கம்பெனியில் கணக்கர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையைக் கொஞ்சம் பார்க்கலாமா? சும்மா, எல்லாருக்கும் ஒரு திருப்திக்கு."

இபிசோ கைப்பையை எடுத்து அப்படியே பலகைமேல் கவிழ்த்தாள்.

பாதி கடித்து டிஷ்யூவில் சுற்றிய இறைச்சிப் பலகாரம். உதட்டுச் சாயம். ஆஸ்பத்திரி அடையாள அட்டை. பெண்கள் உபயோகிக்கும் பஞ்சுப் பொட்டலம் ஒன்று. ஒட்டுப்போட்ட செருப்பு வார் ஒன்று. பிறகு ஒரு காகித உறை, அதற்குள் அவளுடைய பழைய ஸ்கேன் படம் ஏதோ இருந்தது. ஃபோலாரின் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னவென்று புரிந்ததும் அவசரமாக மூடினார். அதற்குள் நாங்களும் பார்த்துவிட்டோம். பிறக்காமலே போய்விட்ட ஒரு குழந்தையின் படம். மேலே இருந்த தேதி பல வருடங்களுக்கு முந்தையது, அவளுக்குக் குழந்தை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஆண்பிள்ளைகள் நாற்பது பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

"துணியையும் பாத்துடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னான்.

கீழே வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணை அழைத்துவந்தார்கள். அவள் இபிசோவைக் கழிவறைக்குள் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது இபிசோவின் தலைத்துணி கட்டவிழ்ந்து கையில் இருந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. "கழிவறையில தண்ணியில விட்டிருக்கலாம்" என்றான் ஒருவன். எல்லோரும் தலையாட்டினோம். ஃபோலாரின் சுவரில் மாட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துவிட்டு, காய் யார் பக்கம் காணாமல் போனதோ அவருக்கு ஆட்டம் இல்லை என்று முடிவு சொன்னார். ஜெயித்தது சிஜுவாதே. அணிக்குப் போவதும் சிஜுவாதே.

இபிசோ தன் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். பாதி கடித்த பலகாரத்தைக்கூட விடவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி, "அவரையும் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

யாருக்கும் கேள்வியே புரியவில்லை. யாரை? இவரையா? சகலை அங்கியைத் தோளில் இழுத்து ஏற்றிக்கொண்டு, "நேரமாச்சு, கல்யாணத்துக்குப் போகணும்" என்றார்.

பந்தலில் மேளம் காதைக் கிழித்தது. பெண்ணின் அப்பாவான பெரிய மாமனார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். துணி அழுக்காகுமே என்று பார்க்கக்கூடாது. நான் விழுந்தேன். பக்கத்தில் சகலையும் கைகளை முன்னால் நீட்டி விழுந்தார். தோளில் ஏறியிருந்த மடிப்புகள் எல்லாம் பிரிந்து விசிறிபோல விரிந்தன. என்னவோ டிக்கென்று தரையில் விழுந்து, பெரிய மாமனாரின் செருப்பு நுனியில் போய் நின்றது.

என் முகம் தரையில் இருந்தது. கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், க்யூ.

பெரிய மாமனார் குனிந்து அதை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பொத்தான் அறுந்து விழுந்துடுச்சு பாரு மாப்பிள்ளை. தையக்காரனை நல்லா நாலு கேள்வி கேளு" என்று சகலையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். சகலை எழுந்திருக்கவே இல்லை. "எழுந்திரு, போதும் போதும், என்ன பணிவு!" என்று சுற்றிலும் சிரித்தார்கள்.

அண்டாக்களில் ஜோலோஃப் சோறு வெந்துகொண்டிருந்த பின்பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். புகை கண்ணைக் கரித்தது. அவர் மூடிய கையைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்.

"நீ பாத்தே."

"பாத்தேன்."

"மேல தூக்கிப் பிடிச்சேன்ல, அப்ப உள்ளங்கையிலேர்ந்து அங்கிக் கைக்குள்ள வழுக்கியிருக்கு. மடிப்புல போய் உக்காந்துக்கிச்சு. ஆண்டவனே. நான் அடைச்சேனே, அத்தனை இடத்தையும்! எங்கிட்ட இருக்கற க்யூவை நானே அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் செத்தும் போனது. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை.

"சகலை" என்றார், ரகசியமாக. "ஹால் சாவி உங்கிட்டதானே இருக்கு? நாளைக்குப் போய் அந்த நாற்காலிக்கு அடியில இதைப் போட்டுட்டா? பெருக்கறவங்க எடுத்துக் குடுப்பாங்க. தவறி விழுந்துச்சுன்னு ஆயிடும். அவ பேரும் சுத்தமாயிடும், எம் பேரும்..."

"அந்த நாற்காலிக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. இப்ப அங்க கெடைச்சா என்ன சொல்வாங்க? அவளே திரும்பி வந்து போட்டுட்டுப் போனாம்பாங்க."

அவர் அடுப்புத் தணலைப் பார்த்தார். மரக்காய்தானே, போட்டால் ஒரு நொடியில் எரிந்துவிடும். அவர் அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. அப்போது அவர் மனைவி அபேக்கே எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? ஜெயிச்சவர் வந்து ஆடாம இருந்தா எப்படி? எங்க பெரியப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, எங்க மாப்பிள்ளை மாநிலத்துக்கு ஆடப் போறாருன்னு."

சகலை போய் ஆடினார். கையை மூடிக்கொண்டே ஆடினார். வெட்கத்தில் ஒரு மனிதன் ஆடுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. பார்க்கிறவர்களுக்கு அது அடக்கம் மாதிரி தெரிந்தது. ஒரு வாய் சோறு தொடவில்லை.

மறுநாள் மாதாகோவில் ஆராதனை முடிந்து இபிசோவின் வீட்டுக்குப் போனோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார், தனியாகப் போகத் தைரியமில்லை. வழியில் எத்தனையோ நம்பர் பிளேட்டுகள் போயின. அவர் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. கதவைத் திறந்த இபிசோவின் கையில் கரண்டி இருந்தது, உள்ளே வாழைக்காய் பொரிகிற வாசனை. எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சகலை உள்ளங்கையைத் திறந்து காட்டினார். பிறகு அந்த வாசற்படியிலேயே குப்புற விழுந்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் வயதுப் பெண் முன்னால் எங்கள் ஊர் ஆண்பிள்ளை விழ மாட்டான், கழுத்தை வெட்டினாலும் விழ மாட்டான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்கேர்ந்து கெடைச்சுது?" என்று இபிசோ கேட்டாள்.

"என் அங்கிக் கையில இருந்துச்சும்மா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு தெரியுது. தெரிஞ்சிருந்தா அத்தனை இடத்தை அடைச்சிருக்க மாட்டீங்க." கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எழுந்திருங்க சார். எங்க ஊர்ல இப்படி விழற வழக்கம் இல்லை. விழுந்தா என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியலை."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"நீங்க இங்க வந்து சொன்னா யாருக்குக் கேட்கும்? நாளைக்கு நான் வேலைக்குப் போகணும். உங்க கிளப்புக்கு வர்ற ஆள் ஒருத்தர் எங்க மருந்துப் பிரிவுல இருக்கார். இதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லியிருப்பார். என்னை எங்க நிக்கவச்சு உதறிப் பாத்தீங்களோ, அங்க வந்து சொல்லுங்க." ஒரு கணம் நின்றாள். "அந்தப் படத்தை என் தங்கச்சிகூடப் பாத்ததில்லை சார்."

கதவு மூடிக்கொண்டது. சகலை எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் கடையில் அவரை விட்டால் வேறு யாருக்கும் வேலை இருப்பதாகத் தெரியவில்லை, அப்படி ஓடி ஓடி அலமாரியை அடுக்கினார். அபேக்கே என் மனைவிக்குப் போன் போட்டு, "மனுஷன் தூங்கறதே இல்லை, உன் புருஷனுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொன்னேன்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. இபிசோவும் வந்தாள். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

சகலை எழுந்து நின்றார். அன்று வெறும் அரைக்கைச் சட்டை. இங்கிலீஷிலேயே பேசினார், அவளுக்கும் புரிய வேண்டுமே. சுற்றி வளைக்கவில்லை.

"போன வாரம் காணாமப் போன க்யூ எங்கிட்ட இருந்துச்சு. என் அங்கிக் கைக்குள்ள. கல்யாண வீட்டுல விழுந்துச்சு. இந்தாங்க." காயைத் தூக்கிக் காட்டினார். "அந்தம்மா மேல நான் பழி போட்டேன். உங்க எல்லார் முன்னாலயும் போட்டேன். அவங்களைச் சோதனை போட்டீங்க, என்னை யாரும் போடலை. என் அங்கிக் கையை நானே ஒரு தடவை உதறிப் பாத்திருந்தா போதும். எனக்கு அது தோணவே இல்லை. அவங்க ஜெயிச்சாங்க. அணிக்கு அவங்கதான் போகணும். நான் இனிமே இந்தக் கிளப்புல விதி பேச மாட்டேன்."

உட்காரப் போனார். உட்கார விட்டால்தானே?

ஃபோலாரின் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "அண்ணே! இந்தக் காலத்துல யாருண்ணே இப்படி வந்து சொல்வா? தூக்கி எறிஞ்சிருந்தா எவனுக்குத் தெரியப்போகுது?" யாரோ கைதட்ட ஆரம்பித்தான். இன்னொருவன் சேர்ந்தான். ஹால் முழுக்க எழுந்து நின்றது. விசிலடித்தார்கள். "மனுஷன்னா இவர் மனுஷன்!" என்று கத்தினார்கள். "அணிக்கு மேனேஜரா இவரையே போடுங்கப்பா!" என்று ஒரு குரல் வந்தது, அதற்கும் கைதட்டல். என் சகலை, என் குடும்பத்து ஆள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.

சிஜுவாதே இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், நிறுத்துங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கடைசி வரிசையில் இபிசோ எழுந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"போன சனிக்கிழமை என் பையைக் கொட்டிப் பாத்தீங்க. உள்ள கூட்டிட்டுப் போய் என் துணியை உதறிப் பாத்தீங்க. ஒண்ணும் கெடைக்கலை" என்றாள். "அப்ப யாருமே கை தட்டலையே?"

சிஜுவாதே முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்கள் பலகையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். தட்டிக்கொண்டிருந்த என் கைகள் மார்புக்கு நேரே அப்படியே நின்றுவிட்டன. அவற்றைக் கீழே இறக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.